வண்டி நின்ற இடம்

பிப்ரவரி 6

என் அருமைக் கஞ்சப்பிசினாறிக்கு,

உன் வண்டிக்காரன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சௌக்கியம். நீ சௌக்கியமான்னு கேட்டா, "உங்களைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து எனக்கு ஏது சௌக்கியம்"னு முணுமுணுப்பே. முணுமுணுத்துக்கோ, கேக்கிறதுக்கு நான்தான் அங்க இல்லையே.

ஒரு தமாஷ் கேளு. இங்க என்னைத் தோட்ட வேலையில போட்டுட்டாங்க. ஆமாடி, என்னையேதான்! குடிச்ச டம்ளரை எடுத்து வைக்கத் தெரியாத மனுஷன்னு அக்கம்பக்கம் பூரா என் மானத்தை வாங்கினியே, அந்த மனுஷன் இப்ப வரிசையா பீட்ரூட் பாத்தியில குனிஞ்சு களை எடுக்கிறான். இடுப்பு விட்டுப்போச்சு. இந்தச் சிறைச் சமையற்கட்டு உனக்குப் பிறந்த வீடு மாதிரி இருக்கும். முள்ளங்கி இலை, பீட்ரூட் தண்டு, பூசணித் தோல், ஒண்ணையும் தூக்கிப் போட விடமாட்டாங்க. எல்லாம் பானைக்குள்ள. பானைக்கு ஆகாதது குப்பைக் குழிக்கு, குழி மறுபடி பாத்திக்கு. உன்னை நினைச்சு நினைச்சுச் சிரிச்சேன்.

இப்ப நிஜமான சேதி. மூணு வருஷம் ஒழுங்கா இருந்தவங்க பட்டியல்ல என் பேரும் மேல போயிருக்கு. ஜூலையில ஒரு விசாரணை அதிகாரி வருவாரு. ரெண்டு வீட்டுல கேப்பாரு. என் வண்டியில அடிபட்டுப் போன அந்தப் பால்காரர் வீட்டுல, "இந்த ஆளை முன்கூட்டியே விட்டா உங்களுக்கு ஆட்சேபணை உண்டா"ன்னு. நம்ம வீட்டுல, "வந்தா ஏத்துப்பீங்களா"ன்னு. ரெண்டு கையெழுத்தும் விழுந்தா ஆகஸ்ட்ல நான் வீட்டுல. ஒண்ணு விழலைன்னாலும் இன்னும் நாலு வருஷம் இங்கதான். உன் கையெழுத்தைப் பத்தி எனக்குக் கவலை இல்லை. அந்தப் பால்காரர் சம்சாரம் கையெழுத்துதான் விழுமான்னு தெரியலை.

உடம்பைப் பார்த்துக்கோ. உடனே பதில் போடு.

உன்
வண்டிக்காரன்


பிப்ரவரி 21

என்னங்க,

கடிதம் கிடைச்சுது. தையல் யூனிட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போய் மத்தியானம்தான் பிரிச்சேன். பட்டியல்னு படிச்சதும் காஜா மிஷின் மேலயே தலையைச் சாய்ச்சு அழுதுட்டேன். ஊசி ஏறிடுச்சோன்னு சூப்பர்வைசரம்மா ஓடி வந்துட்டாங்க. நாலு வருஷம்கிறதை மட்டும் எழுதாதீங்க.

நீங்க களை எடுக்கிறீங்களா! எனக்கு நம்பிக்கையே வரலை. யாராவது பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டே இருக்காங்களா, இல்லை நீங்களாத்தான் எடுக்கிறீங்களா?

இங்கயும் ஒரு தோட்டம் இருக்கு. வரும்போது பார்த்துக்கட்டும்னு சொல்லாம வச்சிருந்தேன். முதலாளி வந்து வண்டியை எடுத்துக்கிட்டுப் போனதுலேர்ந்து வீட்டுப் பின்னாடி வண்டி நிக்கிற இடம் சும்மாவே கிடந்துச்சு. பார்க்கிறப்பல்லாம் வயிறு எரியும். போன வருஷம் ஒருநாள் வெறி பிடிச்ச மாதிரி எண்ணெய் ஊறின மேல் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்தேன். காய்த் தோலு, காஞ்ச இலை, அடுப்புச் சாம்பல், யூனிட்ல டீ போட்ட தூளு எல்லாத்தையும் சேர்த்து மக்க வச்சுக் கொட்டினேன். இப்ப வந்து பாருங்க. பூசணி சுவரைத் தாண்டிப் போயிடுச்சு. தக்காளிக்கு முட்டுக்கொடுக்கக் குச்சி பத்தலை, உங்க பழைய குடையைப் பிரிச்சுக் கம்பியை நட்டிருக்கேன். கோவிச்சுக்காதீங்க.

பூசணியில கொழுந்து இலையைக் கிள்ளிக் கீரையா வேக வைக்கிறேன். ஆண் பூவைப் பறிச்சு வதக்கிடறேன். விதையைக் கழுவி வெயில்ல போட்டு வறுத்தா யூனிட்ல எல்லாரும் கை நீட்டறாங்க. அரிசி கழுவின தண்ணி வெண்டைக்கு. பழுக்காம நின்ன தக்காளியை உப்பு போட்டு ஊற வச்சேன். எல்லாம் சரி, ஆனா ஒத்தை வயித்துக்கு எவ்வளவுதான் தள்ளறது சொல்லுங்க? நேத்து ரெண்டு கத்தரிக்காய் அழுகி விழுந்துடுச்சு. அதைக் குழியில போடறப்ப மனசே ஆறலை. சாப்பிட ஆள் இல்லாத வீட்டுல எதுக்கு இப்படிக் காய்க்குதுன்னு செடியைத் திட்டினேன்.

சீக்கிரம் வாங்க.

உங்க
கஞ்சப்பிசினாறி


மார்ச் 9

என் கஞ்சத்துக்கு,

என் குடையைப் பிரிச்சுட்டியா? அது என் மாமனார் கொடுத்த ஒரே சொத்தாச்சேடி! போகட்டும், தக்காளியாவது நனையாம இருக்கட்டும்.

ராத்திரி பகலா யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சேன். உனக்குக் காய் மிச்சமாகுது. எனக்கு ஒரு கையெழுத்து வேணும். புரியுதா? அந்தம்மா இப்ப பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் முனையில ஒரு பால் பூத் வச்சிருக்காங்கன்னு வக்கீல் சொன்னாரு. நீ கோர்ட் பக்கமே வரலை, அவங்களுக்கு உன் முகம் தெரியாது. அன்னைக்கு வராதேன்னு உன்னைத் தடுத்தது எவ்வளவு நல்லதாப் போச்சு பார்! நீ போய்ப் பால் வாங்கு. நாலு நாள் வாங்கினப்புறம், "வீட்டுல காய் மிச்சமாகுது, வீணாப் போகுது, எடுத்துக்கோங்க"ன்னு கொடு. பொய்யே இல்லை, உண்மையிலேயே வீணாத்தானே போகுது? யாருன்னு மட்டும் சொல்லாதே. நல்லவங்க நாலு பேர் இருக்காங்கன்னு அவங்களுக்குத் தோணினா மனசு தானா இளகும். ஜூலைக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு.

நான் வேணும்னு இடிக்கலைன்னு உனக்குத் தெரியும். விடியக்காலை இருட்டு, தூக்கக் கலக்கம். நிறுத்தினேன், இறங்கித் தொட்டுப் பார்த்தேன், மூச்சு இல்லை. பயத்துல வந்துட்டேன். அந்த ஒரு தப்புக்கு ஏழு வருஷம்னு எழுதிட்டாங்க. இதைச் செஞ்சு கொடுடி கண்ணு.

உன்
வண்டிக்காரன்


ஏப்ரல் 4

என்னங்க,

போனேன். மூணு தடவை பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்த் திரும்பி வந்துட்டு, நாலாவது தடவை போனேன்.

சின்ன இடம்ங்க. ஒரு ஆள் நிக்கலாம், உட்கார முடியாது. அந்தப் பொண்ணுக்கு என்னைவிடப் பத்து வயசாவது கம்மியா இருக்கும். தகரக் கேனைத் தூக்கி இறக்கித் தோள்பட்டை ஆம்பிளை மாதிரி இறுகிக் கிடக்கு. ரெண்டாங்கிளாஸ் படிக்கிற மக ஒருத்தி, கவுன்டருக்குக் கீழ உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கிட்டிருந்தா. முதல் நாள் பால் வாங்கிட்டுப் பேசாம வந்துட்டேன். வீடு வந்து சேர்றதுக்குள்ள பால் திரிஞ்சுபோச்சு.

அஞ்சாவது நாள் ஒரு பை காய் கொண்டு போனேன். "சும்மா வாங்கிக்க மாட்டேங்க"ன்னு அடிச்சுச் சொல்லிட்டா. அப்புறம் பூசணி இலையில மாவு தெளிச்ச மாதிரி வெள்ளை படர்றதைப் பத்திப் பேச்சு வந்துச்சு. "கேன் கழுவின தண்ணி தர்றேன் அக்கா, வெயில் நேரத்துல இலை மேல தெளிச்சுப் பாருங்க, எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் பண்ணுவாரு"ன்னா. அதுலேர்ந்து நான் பை நிறையக் காய் கொண்டு போறேன், கேன்ல பால் தண்ணி கொண்டு வர்றேன். அந்த வெள்ளை அடங்கிடுச்சுங்க. செத்துப் போனவர் சொன்ன வைத்தியம்.

அந்தச் சின்னது பீட்ரூட்டைப் பச்சையாவே கடிக்குது. நாக்கை நீட்டி நீட்டிக் காட்டுது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுட்டு, பஸ்ல வர்றப்ப என்னைப் போல ஒரு திருடி உண்டான்னு நினைச்சுக்கிட்டேன். யாருன்னு சொல்லிடட்டுமாங்க? சொல்லிட்டா என் பாரம் இறங்கிடும்.

உங்க
கஞ்சப்பிசினாறி


ஏப்ரல் 20

என் தங்கத்துக்கு,

சபாஷ்! நீ வெறும் கஞ்சப்பிசினாறி இல்லைடி, மந்திரி. உன் கடிதத்தைப் பிரிச்சுப் பார்த்து அனுப்புற வார்டர்கூட அந்தப் பால் தண்ணி வைத்தியத்தைக் குறிச்சு வச்சுக்கிட்டாராம். அவர் வீட்டுப் பூசணிக்கும் அதே சீக்காம்.

யாருன்னு சொல்றதைப் பத்தி மட்டும் மூச்சு விடாதே. கெஞ்சிக் கேக்கிறேன். அதிகாரி வந்துட்டுப் போகட்டும், நான் வந்தப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் காலில விழுவோம். இப்ப சொன்னா எல்லாம் பாழ். பேச்சோட பேச்சா, "விதி முடிஞ்சா யார் என்ன பண்ண முடியும், அடிச்சவனுக்கும் குடும்பம் இருக்கும் பாவம்"னு நாலு வார்த்தை போட்டு வை. வெயில் நல்லாக் காயுது, வெண்டையையும் கத்தரியையும் வில்லையாப் போட்டு உணத்தி அவங்களுக்கு ஒரு டப்பா கொடு. மழையில எடுத்துச் சமைக்கிறப்ப உன் நினைப்பு வரணும்.

நான் வந்ததும் அந்தச் சுவரை உயர்த்திக் கட்டணும். பூசணியைப் பக்கத்து வீட்டுக்காரன் பறிச்சுக்கிறானா? எழுதவே இல்லையே.

உன்
வண்டிக்காரன்


ஜூன் 2

என்னங்க,

நீங்க சொன்ன அந்த நாலு வார்த்தையைச் சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாம்.

ஞாயித்துக்கிழமை அவ வீட்டு மொட்டை மாடியில வில்லை உணத்திக்கிட்டிருந்தோம். இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை அங்கதான். என் வீட்டுல பேச ஆள் இல்லை, அவ வீட்டுலயும் இல்லை. எனக்குத் தங்கச்சி இருந்திருந்தா இப்படித்தான் வாயாடியிருப்பா. "எதுக்கு அக்கா கத்தரிக்காம்பைக்கூட உணத்தறீங்க, அந்த அளவுக்கா?"ன்னு கேலி பண்ணிக்கிட்டிருந்தா. நான் வாயைத் திறந்து, விதி முடிஞ்சா யார் என்ன பண்ண முடியும்னு சொன்னேன். அவ கையில இருந்த கத்தியைக் கீழ வச்சுட்டா.

"விதி முடியலை அக்கா. ஒரு மணி நேரத்துக்கு மேல உயிரோட இருந்தாரு"ன்னா. நாலே முக்காலுக்கு அடிபட்டிருக்கு. ஆறு மணிக்குக் கடை திறக்க வந்த ரொட்டிக்காரர் பார்த்திருக்காரு. கண்ணு திறந்திருந்துச்சாம். தண்ணி கேட்டிருக்காரு. ஆஸ்பத்திரி வாசல்ல உயிர் போயிடுச்சாம். அரை மணி முன்னாடி கொண்டு வந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் கோர்ட்லயே சொன்னாராம். "வண்டி நிக்கவே இல்லை. அதைத்தான் அக்கா என்னால முழுங்க முடியலை. இடிச்சது இருட்டு. விட்டுட்டுப் போனது மனுஷன்தானே?"

நான் குனிஞ்சு வில்லையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே இருந்தேன். திருப்பினதையே திருப்பினேன்.

அன்னைக்கு அஞ்சு மணிக்கு நீங்க வந்து கதவைத் தட்டினீங்க. வண்டியில நாய் அடிபட்டுடுச்சு, தண்ணி கொண்டான்னீங்க. நான் ரெண்டு பக்கெட் தூக்கிக்கிட்டு வந்து ஊத்தினேன். நீங்க தேய்ச்சீங்க. போலீஸ் வந்தப்புறம்தான் நாய் இல்லைன்னு சொன்னீங்க. நிறுத்தினேன், தொட்டுப் பார்த்தேன், மூச்சு இல்லைன்னு சொன்னீங்க. நான் நம்பினேன். மூணு வருஷமா அதை நம்பித்தான் சோறு தின்னேன்.

ஒரே ஒரு கேள்வி. வேற எதுவும் எழுத வேண்டாம். நிறுத்தினீங்களா, இல்லையா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. எது சொன்னாலும் நான் தாங்கிக்குவேன், சொல்லாம விட்டாத்தான் தாங்கமாட்டேன்.

கஞ்சப்பிசினாறி


ஜூன் 17

என் கண்ணுக்கு,

கடிதம் கிடைச்சுது. நான் நல்லா இருக்கேன். இங்க நல்ல மழை. பீட்ரூட் பாத்தியில தண்ணி தேங்கி நாலு வரிசை அழுகல். எடுத்துக் குழியில போட்டு மேல காஞ்ச புல்லு போட்டிருக்கோம். அழுகினது மேல உடனே ஈர மண்ணைப் போட்டா நாத்தம் எடுக்கும், காஞ்சதுதான் போடணும், நீயும் அப்படியே செய்.

தக்காளி முடிஞ்சிருக்குமே, அந்த இடத்துல அடுத்து வெங்காயம் போடு. குடைக் கம்பியைத் துருப்பிடிக்காம எடுத்து வை.

நீ கேட்டதெல்லாம் கடிதத்துல எழுதுற விஷயமாடி? வார்டர் படிக்கிறாரு. முடிஞ்சு போனதைக் கிளறி என்ன ஆகப்போகுது? ஜனங்க ஆயிரம் பேசுவாங்க. டாக்டருக்கு என்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போயிடுவாரு. இப்ப கவனம் பூரா அதிகாரி வர்றதுல இருக்கணும். வீட்டைக் கொஞ்சம் துப்புரவா வை. அவர் வந்தா மோர் கொடு, தோட்டத்தைக் காட்டு, ரெண்டு பூசணி கட்டிக் கொடு. வந்தப்புறம் எல்லாம் நேர்ல பேசிக்குவோம்.

உன்
வண்டிக்காரன்


ஜூலை 22

என்னங்க,

அதிகாரி வந்துட்டுப் போயிட்டாரு.

பதினாலாம் தேதி முதல்ல அவ பூத்துக்குப் போயிருக்காரு. அன்னைக்குச் சாயங்காலம் நான் போனப்ப முகமெல்லாம் மலர்ந்து நின்னா. "அக்கா, ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்"ன்னா. "அந்த ஆளுக்காகப் போடலை. அவன் வீட்டுலயும் ஒருத்தி இருப்பா இல்ல? யாருன்னே தெரியாத எனக்கு நாலு மாசமா நீங்க சுமந்துக்கிட்டு வந்து போடறீங்க. நான் மட்டும் ஏன் கல்லா இருக்கணும்னு தோணிச்சு"ன்னா. உங்க கணக்கு கொஞ்சமும் தப்பலை. நீங்க சொன்ன மாதிரியே மனசு இளகிடுச்சு.

மறுநாள் அதிகாரி நம்ம வீட்டுக்கு வந்தாரு. மோர் கொடுத்தேன். நல்ல மனுஷன். ஃபாரத்தை எடுத்து வச்சு, "அந்தம்மாவே சரின்னுட்டாங்க, உங்களுக்கு என்ன, இங்க போடுங்க"ன்னாரு. ஏத்துக்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. யோசிச்சுச் சொல்லுங்க, உங்க கையெழுத்து இல்லாம முழுசா நாலு வருஷம் உள்ள இருக்கணும்னாரு. எனக்குத் தெரியும்னேன். காரணம் கேட்டாரு. ஒரு கேள்வி கேட்டேன், அவர் பதில் எழுதலைன்னு சொன்னேன். அவருக்கு விளங்கலை. உங்களுக்கு விளங்கும்.

இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தீங்கன்னா ரெண்டு நாள் அழுதுட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன். பயந்துட்டேன், ஓடி வந்துட்டேன்னு எழுதியிருந்தா, பயந்த மனுஷனோட குடும்பம் நடத்தத் தெரியாதா எனக்கு? வெங்காயம் போடச் சொல்லி எழுதறீங்க.

அன்னைக்கே பூத்துக்குப் போய் எல்லாத்தையும் சொன்னேன். யாரு சம்சாரம்னு சொன்னேன். ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தினதைச் சொன்னேன். அந்தத் தண்ணி இறங்கின இடத்துல விளைஞ்ச காயைத்தான் அவளுக்கும் அந்தக் குழந்தைக்கும் சுமந்துக்கிட்டு வந்தேன்னு சொன்னேன். மேல் மண்ணை வெட்டிப் போட்டுட்டேன்னு வர்ற வழியெல்லாம் மனசை ஏமாத்திப் பார்த்தேன், அவ முன்னாடி அதைச் சொல்ல வாய் வரலை. அவ அழலை, திட்டலை. "முதல் நாள் காய் கொண்டு வந்தீங்களே, அவன் சொல்லியா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். அப்புறம் நானா வந்தேன்னு சொல்ல நினைச்சேன். அதை எப்படி நிரூபிக்கிறது? உணத்தி வச்ச டப்பாவெல்லாம் எடுத்து வெளியே வச்சா, மீதியிருந்த பூசணிப் பத்தையைக்கூட. சின்னது, "பெரியம்மா நாளைக்கு வருவாங்களா"ன்னு கேட்டுச்சு. அவ ஷட்டரை இழுத்து விட்டுட்டா. டப்பாவைத் தூக்கிக்கிட்டு நடந்தே வந்தேன்.

இந்த வாரம் பூரா பறிக்கலை. வெண்டை முத்தி நாராப் போச்சு. தக்காளி விழுந்து கால் பட்ட இடமெல்லாம் நசநசங்குது. பக்கத்து வீட்டுக்காரம்மா சுவரை எட்டிப் பார்த்து, "என்ன, உங்க வீட்டுலயா இப்படி வீணாப் போகுது"ன்னு கேட்டாங்க. வேணும்னா பறிச்சுக்கோங்கன்னு சொல்லக்கூட எனக்கு வாய் வரலை. இந்த மண்ணுல வந்ததை இனி யார் வாயிலயும் போட என்னால ஆகாது.

யூனிட்ல வேற ஊருக் கிளைக்கு ஆள் கேட்டாங்க. பேர் கொடுத்துட்டேன். ஒண்ணாம் தேதி வீட்டைக் காலி பண்றேன். உங்க துணிமணி டிரங்க் பெட்டியில இருக்கு, பெட்டி வீட்டு ஓனர்கிட்ட. இந்த விலாசத்துக்கு இனி எழுதாதீங்க.

உடம்பைப் பார்த்துக்கோங்க. சளி பிடிச்சா வெந்நீர் கேட்டு வாங்கிக் குடிங்க, வெட்கப்படாதீங்க.


ஆகஸ்ட் 11

நீ அங்க இல்லைன்னு தெரியும். எனக்கு வேற விலாசம் தெரியாது.

நிறுத்தலை. பக்கவாட்டுக் கண்ணாடியில பார்த்தேன். அவர் ரோட்டோரமா எழுந்து உட்காரப் பார்த்தாரு, கையைத் தூக்கினாரு. பிழைச்சுக்குவாரு, யாராவது வருவாங்கன்னு நினைச்சேன். வளைவு திரும்பினதும் ஒரு தடவை பிரேக்ல கால் வச்சேன். வச்சுட்டு எடுத்துட்டேன்.

வீட்டுக்கு வந்து உன்கிட்ட தண்ணி கேட்டப்ப மணி அஞ்சு. அப்பவும் அவருக்கு உயிர் இருந்திருக்கு. உன்கிட்ட சொல்லியிருந்தா நீ என்னை இழுத்துக்கிட்டுப் போயிருப்பே. அது தெரிஞ்சுதான் நாய்னு சொன்னேன்.